28 பாட்டு, நிற்காத டிரம்ஸ்: ஜேம்ஸ் லாஸ்ட் என்ற பேண்ட் மாஸ்டர்

1965-இல் ஹாம்பர்க் நகரத்து பாலிடார் கம்பெனி ஓர் எல்பி இசைத்தட்டு போட்டது. தலைப்பு 'நான் ஸ்டாப் டான்சிங்'. அப்போது வானொலியில் ஓடிக்கொண்டிருந்த 28 பாட்டுகள் அதில் இருந்தன. பீட்டில்ஸ் பாட்டும் உண்டு, ஜெர்மன்காரர்கள் ஷ்லாகர் என்று சொல்லும் உள்ளூர் ஜனரஞ்சகப் பாட்டும் உண்டு. ஆனால் எதற்கும் தனிப் பாடகர் கிடையாது. ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்சபோன், நடுநடுவே கோரஸ், அவ்வளவுதான். ஒரு மெட்டு முடிந்த கையோடு அடுத்த மெட்டு நுழைந்துவிடும். டிரம்ஸ் மட்டும் நிற்கவே நிற்காது. போதாக்குறைக்கு, பின்னால் யாரோ சிரிப்பதும் கைதட்டுவதும் கூவுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். உறையில் இருந்த பெயர் ஜேம்ஸ் லாஸ்ட்.

அவருடைய உண்மைப் பெயர் ஹான்ஸ் லாஸ்ட். வெளிநாட்டு விற்பனையை மனதில் வைத்துக் கம்பெனிக்காரர்கள் ஹான்ஸை ஜேம்ஸ் ஆக்கிவிட்டார்கள். தட்டின் உறையைப் பார்த்துத்தான் தனக்கே விஷயம் தெரிந்தது என்று அவர் பின்னாளில் சொல்வதுண்டு. ஜெர்மனியில் ரசிகர்கள் கடைசிவரை அவரை 'ஹான்ஸி' என்றே கூப்பிட்டார்கள்.

அந்தத் தட்டுக்குப் பின்னால் 50 வருஷம் ஓடிய ஒரு தொழில் வாழ்க்கை இருக்கிறது. ஏறத்தாழ 190 ஆல்பங்கள். அமோக விற்பனைக்காகக் கொடுக்கும் தங்கத் தட்டு விருதுகள் 200-க்கும் மேல். விற்பனைக் கணக்கு சொல்கிறவரைப் பொறுத்து 10 கோடியிலிருந்து 20 கோடிவரை போகும். 1973-க்குள்ளேயே 8 கோடி விற்றுவிட்டது என்பார்கள். இசைத்தட்டுக் கம்பெனிகளின் கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும், ஆனாலும் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டால்கூட, பாடத் தெரியாத, மேடையில் வாத்தியம் வாசிக்காத ஒரு பேண்ட் மாஸ்டருக்கு இது மலைக்க வைக்கும் எண்ணிக்கை. இதே மனிதரை ஜெர்மன் இசை விமர்சகர்கள் பல வருஷம் ஏளனம் செய்தார்கள் என்பதும் உண்மை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் கணிப்பு. அந்த முதல் தட்டில் அவர் கண்டுபிடித்த வழிமுறைதான் அது.

பாஸ் வாசித்தவர்

1929 ஏப்ரல் 17 அன்று ப்ரெமன் நகரில் பிறந்தார். அப்பா லூயிஸ் லாஸ்ட் நகராட்சியில் உத்தியோகம். வேலை போக மிச்ச நேரத்தில் டிரம்ஸும், அக்கார்டியனுக்கு உறவான பேண்டோனியனும் வாசிப்பவர். வீட்டில் அண்ணன் தம்பிகளும் சங்கீதம்தான். ராபர்ட் டிரம்ஸ் பக்கம் போனார். வெர்னர் பின்னாளில் 'காய் வார்னர்' என்ற பெயரில் தானே ஒரு பேண்ட் நடத்தினார். ஹான்ஸுக்கு வாய்த்த முதல் பியானோ வாத்தியார், பையனுக்கு இசை வராது என்று கைவிட்டதாகச் சொல்வார்கள். அடுத்து வந்தவர் பொறுமைசாலி, பையன் பிழைத்தான்.

14 வயதில், 1943-இல், பூக்கெபர்க் ஊரில் இருந்த ராணுவ இசைப்பள்ளியில் சேர்ந்தார். முதலில் போக நினைத்தது பிராங்க்ஃபர்ட் பள்ளிக்கு. அது குண்டுவீச்சில் இடிந்துபோயிருந்தது. பூக்கெபர்க்கில் பித்தளை வாத்தியங்கள், ட்யூபா, பியானோ, கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பெரிய நரம்பு வாத்தியமான டபுள் பாஸ் என்று கற்றுக்கொடுத்தார்கள். நோக்கம் ராணுவ பேண்டுக்கு ஆள் சேர்ப்பது. ஆனால் இரண்டே வருஷத்தில் போர் முடிந்து, வாசிக்க ராணுவமே இல்லாமல் போய்விட்டது.

இங்கே ஊர் உதவியது. வடமேற்கு ஜெர்மனி பிரிட்டிஷார் கையில் இருந்தது, ஆனால் துறைமுக வசதிக்காக ப்ரெமன் மட்டும் அமெரிக்கர்கள் வசம் போனது. அமெரிக்கச் சிப்பாய் இருந்தால் கிளப் இருக்கும். கிளப் இருந்தால் ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசைக்கு ஆள் வேண்டும். நாஜிக் காலத்தில் கெட்ட சங்கீதம் என்று ஒதுக்கப்பட்டதை 16 வயதுப் பையன்கள் இப்போது சாப்பாட்டுக்காக வாசித்தார்கள். கொஞ்ச நாளில் ரேடியோ ப்ரெமன் நடனக்குழுவில் லாஸ்ட் சகோதரர்கள் மூவரும் சேர்ந்தார்கள். 1948-இல் தொடங்கிய லாஸ்ட்–பெக்கர் குழு ஏழு வருஷம் ஓடியது. 1950, 51, 52 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஜெர்மனியின் சிறந்த ஜாஸ் பாஸ் கலைஞராக ஹான்ஸ் லாஸ்ட் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தத் தகவலை வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பாஸ் வாசிப்பவர் மேடையின் பின்வரிசையில் நிற்கிறார். அவர் எதிரில் தெரிவது மற்ற வாத்தியக்காரர்களின் முதுகும், அதற்கு அப்பால் ஆடுகிற ஜனங்களும். எந்தப் பாட்டுக்கு ஜனம் தளத்துக்கு வருகிறது, எந்த இடத்தில் சலித்துப்போய் நாற்காலிக்குத் திரும்புகிறது என்பதை ராத்திரி ராத்திரி பார்த்துக்கொண்டிருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பின்னாளில் லாஸ்ட் போட்ட எல்லா ஆல்பங்களிலும் பாஸ் தெளிவாக, முன்னால் வந்து கேட்கும். கால் அசைவது அதற்குத்தான் என்பது அவருக்குத் தெரியும்.

ஹாம்பர்க்

1955-இல் ஹாம்பர்க் வந்து, வட ஜெர்மன் வானொலியின் நடன இசைக்குழுவில் பாஸ் வாசிக்கச் சேர்ந்தார். கூடவே, ஒரு பாட்டில் எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று எழுதிக்கொடுக்கும் அரேஞ்சர் வேலையும் வர ஆரம்பித்தது. பாடகர்கள் கதெரினா வலென்டே, ஃபிரெடி க்வின், வயலின்காரர் ஹெல்முட் ஸகாரியாஸ் என்று அன்றைய பெரிய பெயர்களுக்கெல்லாம் பாலிடார் கம்பெனிக்காக இசைக்கோர்வை எழுதிக்கொடுத்தார். பெயர் வெளியே தெரியாத வேலை, ஆனால் வேகமாக எழுதவும், ஸ்டூடியோ நேரத்தை வீணடிக்காமல் வாசிக்க வைக்கவும் அங்கேதான் கை பழகியது.

அதே ஊரில், அதே கம்பெனியில் ஏற்கெனவே ஒரு பேண்ட் மாஸ்டர் இருந்தார்: பெர்ட் கெம்ப்ஃபெர்ட். 1961 தொடக்கத்தில் அவருடைய 'வொண்டர்லேண்ட் பை நைட்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதே வருஷம் ஹாம்பர்க்கில் பீட்டில்ஸ் பையன்களை, டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னணி வாசிக்க வைத்து ஒலிப்பதிவு செய்தவரும் அவர்தான். கெம்ப்ஃபெர்ட்டின் கண் அமெரிக்காவின் மேல். மெதுவான, புகைமூட்டமான, ராத்திரி நேரத்து ட்ரம்பெட் இசை அவருடையது. 1964-இல் லாஸ்டுக்குத் தனி ஒப்பந்தம் கிடைத்தபோது, இன்னொரு கெம்ப்ஃபெர்ட்டுக்கு இடம் இல்லை. லாஸ்ட் வேறு திசையில் பார்த்தார்: பக்கத்து வீட்டுப் பக்கம்.

வீட்டு விருந்தின் கணக்கு

அறுபதுகளின் மேற்கு ஜெர்மனியில் கையில் காசு புழங்கத் தொடங்கியிருந்தது. வரவேற்பறையில் ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒன்றாகப் பொருத்திய மரப்பெட்டி. கொஞ்சம் வசதியானவர்கள் வீட்டின் அடித்தளத்தையே விருந்து அறையாக மாற்றி, மூலையில் ஒரு சின்ன பார் வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் வருவார்கள். சீஸ் துண்டுகளைக் குச்சியில் குத்தி வைப்பார்கள், பழத்துண்டு மிதக்கும் ஒயின் பானம் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கும். அப்புறம் ஆட வேண்டும்.

ஆடுவதற்கு என்ன போடுவது? சிங்கிள் தட்டு என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை யாராவது எழுந்துபோய் மாற்ற வேண்டும். 28 ஹிட் பாட்டு வேண்டுமென்றால் 28 சிங்கிள் வாங்க வேண்டும். ஒரு பாட்டு ராக், அடுத்தது வால்ட்ஸ், அதற்கடுத்தது அழுகைப் பாட்டு என்று தாளம் மாறிக்கொண்டே இருக்கும். தட்டு மாற்றும் இடைவெளியில் ஜோடிகள் பிரிந்து உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டுக்காரருக்கு அடுத்த கவலை, முதலில் யார் எழுந்து ஆடுவது என்கிற கூச்சம். வெறும் அறையில் முதல் ஜோடியாக ஆட யாருக்கும் துணிவு வராது.

'நான் ஸ்டாப் டான்சிங்' இந்தக் கவலைகளுக்கு ஒவ்வொன்றாக விடை வைத்திருந்தது. ஒரு எல்பியின் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 40 நிமிஷம். அதில் 28 பாட்டு என்றால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிஷத்துக்கும் குறைவு. முன்னிசை, இடையிசை எல்லாம் வெட்டு. ஜனத்துக்கு மனப்பாடமான வரி மட்டும் வரும், அதைக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒரே மாதிரி டெம்போ, அதாவது வேகம், உள்ள பாட்டுகளைச் சேர்த்து ஒரு மெட்லி. சேரும் இடத்தில் சுருதி மாறும்போது ட்ரம்பெட், ட்ராம்போன் வாசிக்கும் பிராஸ் பகுதி ஒரு சின்னத் தாவலில் புதிய சுருதிக்குக் கொண்டுபோய்விடும். ஆடுகிறவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார், காலுக்குத் தாளம் தப்பவில்லை அல்லவா. அந்தக் கூச்சத்துக்கு மருந்துதான் பின்னணியில் கேட்ட சிரிப்பும் கைதட்டலும். தட்டைப் போட்டவுடன் அறையில் ஏற்கெனவே 20 பேர் ஆடிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். விருந்து அப்போதே தொடங்கிவிட்டது, நாம் போய்ச் சேர்ந்துகொண்டால் போதும்.

இந்தக் கூச்சலை மட்டமான தந்திரம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடன அரங்கில் பத்து வருஷம் வாசித்த ஒருவருக்குத்தான் இந்த யோசனை வரும். இரண்டு ரெக்கார்டு பிளேயரை வைத்துக்கொண்டு பாட்டையும் பாட்டையும் ஒட்டும் டிஸ்கோ டிஜேக்கள் எழுபதுகளில் நியூயார்க்கில் பெயர் எடுத்தார்கள். ஹாம்பர்க்கில் லாஸ்ட் அதே காரியத்தை அதற்கு முன்னாலேயே நோட்டேஷன் எழுதி, ஆட்களை உட்காரவைத்துச் செய்துவிட்டார்.

பணக் கணக்கும் இதில் ஒத்துவந்தது. அடுத்தவர் மெட்டைப் பதிவு செய்ய அந்தப் பாடகரின் அனுமதி தேவையில்லை. இசையமைப்பாளருக்கும் பதிப்பகத்துக்கும் விகிதப்படி உரிமைத்தொகை கொடுத்தால் போதும். 28 பாட்டுக்காரர்களுக்கும் பங்கு போகும் என்பதால் பதிப்பகங்களுக்கு லாஸ்ட் மேல் கோபமில்லை. ஹிட் பாட்டு மாறிக்கொண்டே இருக்கும், அதனால் புதுத் தட்டு போட்டுக்கொண்டே இருக்கலாம். உறையில் வருஷத்தையே போட்டுவிட்டார்கள்: 65, 66, 67 என்று. போன வருஷத் தட்டு வைத்திருப்பவர் இந்த வருஷமும் வாங்குவார். வரிசை எழுபதுகள் முழுக்க ஓடியது.

ஒரு வரிசை பிடித்ததும் அதையே அச்சாக வைத்து மற்றவையும் வந்தன. ஹம்மண்ட் ஆர்கனை முன்னால் வைத்து ஒன்று, ட்ரம்பெட்டை முன்னால் வைத்து ஒன்று. ஜெர்மன் நாட்டுப்பாடல்கள், கடலோடிகளின் பாட்டு, போல்கா, கிறிஸ்துமஸ் பாட்டு. மோட்ஸார்ட்டையும் விடவில்லை, செவ்வியல் மெட்டுகளுக்குக் கீழே டிரம்ஸ் கிட்டைப் போட்ட வரிசையும் நன்றாக விற்றது. செவ்வியல் கண்டக்டர் கராயன் நடத்திய பீத்தோவனை வெளியிட்ட டாய்ச்சே கிராமஃபோன்தான் பாலிடாரின் தாய்க் கம்பெனி என்பது ஒரு தமாஷ்.

நம் கல்யாண வீட்டு மெல்லிசைக் குழுவை நினைத்துக்கொண்டால் விஷயம் சட்டென்று பிடிபடும். அங்கே யாரும் புதுப் பாட்டு கேட்க வருவதில்லை. தெரிந்த பாட்டைத் தடங்கல் இல்லாமல், கூட்டத்தின் வயதும் மனநிலையும் பார்த்து வரிசைப்படுத்தி வாசிப்பவர்தான் கெட்டிக்காரர். ஒரே வித்தியாசம், லாஸ்ட் அந்த வேலைக்கு வைத்திருந்த ஆட்கள்.

யார் வாசித்தார்கள்

வானொலிக் குழுவில் சம்பளத்துக்கு இருந்த ஜாஸ் ஆட்கள்தான் முதல் குழு. நோட்டேஷனைப் பார்த்த முதல் தடவையே சரியாக வாசித்துவிடுவார்கள், அதனால் பதிவு சீக்கிரம் முடியும். சகோதரர் ராபர்ட் டிரம்ஸ், குன்டர் பிளாட்ஸெக் பியானோ. பிறகு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் பாப் லனீஸ், ஸ்வீடனிலிருந்து ட்ராம்போன் கலைஞர் ஓலே ஹோம்க்விஸ்ட். லண்டனில் ஸ்டூடியோ ட்ரம்பெட் என்றால் முதலில் கூப்பிடப்படும் டெரெக் வாட்கின்ஸ் பல வருஷம் லாஸ்டின் மேடையில் உட்கார்ந்தார். ஜேம்ஸ் பாண்ட் படங்களின் பின்னணி இசையில் தொடக்கத்திலிருந்து கேட்கும் ட்ரம்பெட்களில் ஒன்று அவருடையது. கிட்டார் வாசித்த பீட்டர் ஹெஸ்லைன் இன்னொரு பக்கம் லூசிஃபர்ஸ் ஃபிரெண்ட் என்ற கனமான ராக் குழுவில் இருந்தார். பகலில் பேய் ராக், சாயங்காலம் போல்கா! வயலின்களும் கோரஸும் சேர்ந்து பயணக் குழு நாற்பது பேர் அளவுக்கு வளர்ந்தது.

இவ்வளவு பெரிய குழுவைக் கட்டிக் காப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் பெரிய ஸ்விங் பேண்டுகள் நாற்பதுகளின் இறுதியில் சம்பளச் செலவிலேயே கவிழ்ந்தன. லாஸ்டின் குழு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்கள் வருஷக்கணக்கில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தட்டு விற்றுக்கொண்டே இருந்ததால் சுற்றுப்பயணம் போக முடிந்தது, சுற்றுப்பயணம் போனதால் தட்டு விற்றது.

மேடையில் லாஸ்ட் கையில் கோல் வைத்துக்கொண்டு விறைப்பாக நிற்பவர் இல்லை. குழுவுக்குப் பக்கவாட்டில் நின்று விரலைச் சொடுக்கிக்கொண்டு, இடுப்பை லேசாக அசைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பார். கண்டக்டர் என்ற பதவிக்கு உரிய பந்தா ஒன்றும் கிடையாது. எண்ணிக்கை சொல்லிக்கொடுக்காவிட்டாலும் அந்த ஆட்கள் வாசித்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

டிவியும் பிரிட்டனும்

1968 முதல் 1980 வரை ஜெர்மன் இரண்டாம் தொலைக்காட்சியில் 'ஸ்டார்பரேட்' என்ற நிகழ்ச்சி வந்தது. ரெய்னர் ஹோல்பெ தொகுத்து வழங்கினார், லாஸ்ட் குழுதான் அரங்க இசைக்குழு. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் 12 வருஷம் ஒரு முகம் தெரிந்துகொண்டிருந்தால் அதைவிட விளம்பரம் வேண்டாம். 1972-இல் சோவியத் யூனியனுக்கும் போய் வாசித்தார்கள். ராக் இசை மேல் அங்கே சந்தேகம் இருந்த காலம், சொல் இல்லாத இசையில் தணிக்கை செய்ய என்ன இருக்கிறது?

ஆனால் விசித்திரமான வெற்றி பிரிட்டனில்தான். போர் முடிந்து இருபது வருஷம் ஆகியிருந்தது, ஜெர்மன் ஆள் ஒருவர் அங்கே வீட்டு விருந்தின் சின்னமாகிறார் என்பது சாதாரணம் இல்லை. 65 ஆல்பங்கள் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஏறின. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மொத்தம் 90 நிகழ்ச்சிகள். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஒருவர்தான் அவரைவிட அதிகம். விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம், சிவப்பு வெல்வெட் நாற்காலி, செவ்வியல் கச்சேரிக்கான இடம். அங்கே நடுத்தர வயதுக் கூட்டம் எழுந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆடிப் போகும். அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டால், முதல் தட்டில் ஸ்டூடியோவில் ஒட்டிச் சேர்த்த கூச்சல் இப்போது தானாகவே வருவது தெரியும்.

ஏளனமும் அதன் நியாயமும்

எழுபதுகளில் ஜெர்மன் பத்திரிகைகளுக்கு லாஸ்ட் ஒரு கேலிப்பொருள். மாணவர் போராட்டம், ராக், அவாந்த்-கார்ட் எனப்படும் சோதனைக் கலை என்று ஒரு தலைமுறை பெற்றோரின் வாழ்க்கையையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பெற்றோரின் அடித்தள அறையில் ஓடிய தட்டு இது. போருக்குப் பிந்தைய ஜெர்மனி எதையும் நினைவில் வைக்க விரும்பாமல் ஆடிக்கொண்டிருக்கிறது என்ற கோபம் இந்த இசையின் மேலும் விழுந்தது.

கோபத்தின் அந்தப் பகுதியை விட்டுவிட்டு இசையை மட்டும் பார்த்தாலும் குற்றச்சாட்டில் விஷயம் இருக்கிறது. ஒரு பாட்டின் துயரத்தையோ கோபத்தையோ வடிகட்டிவிட்டு மெட்டை மட்டும் எடுத்துத் தாளத்தில் மாட்டினால் எல்லாப் பாட்டும் ஒரே முகத்தோடு சிரிக்கும். மெட்லி வரிசையில் மூன்று ஆல்பம் தொடர்ந்து கேட்டால் எனக்கே திகட்டுகிறது. பிழைப்புக்காக வருஷத்துக்கு இத்தனை ஆல்பம் என்று போனபோது சில அரேஞ்ச்மென்ட்கள் தூக்கத்தில் எழுதியவைபோல இருக்கின்றன. ஆனால் இவை உட்கார்ந்து தொடர்ந்து கேட்பதற்காகச் செய்யப்பட்டவை இல்லை என்பதை விமர்சகர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஆடுவதற்குச் செய்த தட்டுக்கு மதிப்பெண் போட்டார்கள்.

லாஸ்டுக்கு அது உறைக்காமல் இல்லை. நடுவில் தப்பிக்கப் பார்த்தார். 1971-இல் 'வூடூ பார்ட்டி' வந்தது. ஆப்பிரிக்க, க்யூபத் தாளவாத்தியங்களும், அமெரிக்கக் கறுப்பர்களின் தாள இசையான ஃபங்க் பாணி பாஸும் முன்னால். 1975-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கே போய், அந்த ஊர் ஸ்டூடியோ கலைஞர்களை வைத்து, வெஸ் ஃபாரல் தயாரிப்பில் 'வெல் கெப்ட் சீக்ரெட்' பதிவு செய்தார். பிரெஞ்சுச் செவ்வியல் இசையமைப்பாளர் ராவெல்லின் 'பொலெரோ'வை ஃபங்க்காக மாற்றிய துண்டு அதில் இருக்கிறது. அப்போது வழக்கமான ரசிகர்கள் ஆர்வம் காட்டவில்லை, புதுக் கூட்டமும் அந்தப் பெயரைப் பார்த்து நெருங்கவில்லை. பழைய தட்டுக் கடைகளில் தாளத் துண்டு தேடி அலையும் டிஜேக்கள்தான் பிற்பாடு இந்த இரண்டையும் கொண்டாடினார்கள். நல்ல வழிமுறை ஒன்று கையில் இருப்பதன் விலை இது. 'ஜேம்ஸ் லாஸ்ட்' என்று உறையில் போட்டாலே, உள்ளே என்ன இருக்கும் என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள்.

அவரே போட்ட மெட்டுகள்

அடுத்தவர் பாட்டை வாசிப்பவர் என்ற முத்திரைக்குள் ஒரு நல்ல இசையமைப்பாளர் மறைந்துபோனார். 'கேம்ஸ் தட் லவர்ஸ் ப்ளே' அவருடையது; எடி ஃபிஷர் பாடினார். 'ஹாப்பி ஹார்ட்' 1969-இல் ஆண்டி வில்லியம்ஸ் குரலில் உலகம் சுற்றியது, பெட்டுலா கிளார்க்கும் பாடினார். கார்ல் சிக்மன் வரிகள் எழுதிய 'ஃபூல்' பாட்டை 1973-இல் எல்விஸ் பிரெஸ்லி வெளியிட்டார். எல்விஸ் பாடிய பாட்டின் மெட்டு ப்ரெமன்காரர் ஒருவருடையது என்று எத்தனை எல்விஸ் ரசிகர்களுக்குத் தெரியுமோ.

எல்லாவற்றையும் விடப் பெரியது 'தி லோன்லி ஷெப்பர்ட்'. ரஷ்ய மெட்டுகளுக்கென்று 1977-இல் போட்ட 'ருஸ்லாண்ட்-எரினருங்கன்' ஆல்பத்தில் வந்தது. ருமேனியக் கலைஞர் கெயோர்கே ஸாம்ஃபிரை அழைத்து, பல குழல்களை ஒன்றாகக் கட்டிய பேன் புல்லாங்குழலை வாசிக்க வைத்தார். அதில் அவர் வழக்கமாகச் செய்யும் எதுவும் இல்லை. கூச்சல் இல்லை, மெட்லி இல்லை, காலை ஆட்டச் சொல்லும் தாளம் இல்லை. கீழே வயலின்கள் மெதுவாக நகர, மேலே மூச்சுக்காற்றோடு சேர்ந்து ஒரு மைனர் மெட்டு போகிறது. மெட்டு இரண்டாம் முறை வரும்போது கூட்டிசை கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கிறது, ஆனால் குழலை மூடுவதில்லை. ஒரு தனி வாத்தியத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அரேஞ்சருக்குத் தெரிந்திருக்கிறது.

26 வருஷம் கழித்து, 2003-இல், அமெரிக்க இயக்குநர் குவென்டின் டாரன்டினோ 'கில் பில்' படத்தின் முதல் பாகத்தில் அதைப் பயன்படுத்தினார். லாஸ்டின் பெயரே கேள்விப்படாத ஒரு தலைமுறைக்கு அந்த மெட்டு போய்ச் சேர்ந்தது. இன்று உலகத்துக்குத் தெரிந்த லாஸ்ட் இசை, அவர் விற்ற கோடிக்கணக்கான விருந்துத் தட்டுகளில் எதுவும் இல்லை. இந்த நாலு நிமிஷச் சொச்சம்தான்.

அமெரிக்கா மட்டும் பிடிகொடுக்கவில்லை. 'அமெரிக்கன் ஜிகலோ' படத்தின் காதல் மெட்டான 'செடக்ஷன்' 1980-இல் அமெரிக்க ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 28-வது இடம்வரை ஏறியது, அவருக்கு அங்கே கிடைத்த பெரிய வெற்றி அதுதான். கெம்ப்ஃபெர்ட் முதலிடம் பிடித்த நாட்டில் லாஸ்டுக்கு 28. அவருடைய இசை வேலை செய்ய ஒரு குறிப்பிட்ட விருந்துப் பழக்கம் வேண்டியிருந்தது. அமெரிக்க இளைஞர்களுக்கு மூலப் பாட்டையே இடைவிடாமல் கொடுக்க ஊருக்கு ஊர் வானொலி நிலையங்கள் இருந்தன. பாட்டைக் கேட்க அரசு வானொலியின் தயவை எதிர்பார்த்த ஐரோப்பாவில்தான் லாஸ்டின் தட்டுக்கு அவ்வளவு தேவை. கடைசியில் வீடு வாங்கிக் குடியேறியது என்னவோ அமெரிக்காவின் ஃபுளோரிடாவில்தான்.

பிற்காலம்

1982-இல் அக்கார்டியனை முன்வைத்த 'பிஸ்காயா' ஜெர்மனியில் நல்ல பெயர் வாங்கியது. 1991-இல் பியானோ கலைஞர் ரிச்சர்ட் கிளைடர்மனோடு சேர்ந்து ஓர் ஆல்பம். ஆனால் வீட்டு விருந்துக்கு எல்பி வாங்கும் பழக்கமே போய்விட்டிருந்தது. ஒரிஜினல் பாட்டுகளையே கேசட்டில் வரிசையாகப் பதிந்துகொள்ள முடியும் என்றான பிறகு மெட்லி தட்டுக்கு என்ன வேலை? தட்டு விற்பனை சரிந்தும் மேடை மட்டும் காலியாகவில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில் கேலி செய்தவர்களின் பிள்ளைகள் அவரைத் தேடி வந்தார்கள். 1999-இல் ஹாம்பர்க் ஹிப்ஹாப் குழுவான ஃபெட்டஸ் ப்ரோட் தங்கள் பாட்டு ஒன்றில் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2004-இல் 'தே கால் மி ஹான்ஸி' ஆல்பத்தில் வு-டாங் கிளான் என்ற அமெரிக்க ஹிப்ஹாப் குழுவின் ரிஸா, பாடகர்கள் நினா ஹாகன், டாம் ஜோன்ஸ் எல்லாரும் வந்தார்கள். ஹிப்ஹாப்காரர்களுக்கு அவர்மேல் வெறுப்பு இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அடுத்தவர் பாட்டிலிருந்து நல்ல துண்டை வெட்டி, தாளத்தை நிறுத்தாமல் ஒட்டுவது அவர்களுடைய தொழிலும்தானே.

2014-இல் உடல்நிலை மோசமாகி அறுவை சிகிச்சை வரை போனது. மறு வருஷம் தொடக்கத்தில், இதுதான் கடைசிப் பயணம் என்று அறிவித்துவிட்டுக் கிளம்பினார். 86 வயது முடிந்த ஒன்பதாம் நாள், 2015 ஏப்ரல் 26 அன்று, கொலோன் நகரில் கடைசி நிகழ்ச்சி. ஜூன் 9 அன்று ஃபுளோரிடாவில் இறந்தார். ஹாம்பர்க்கின் ஓல்ஸ்டார்ஃப் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

புதிதாகக் கேட்க நினைப்பவருக்கு 190 ஆல்பம் என்பது பயமுறுத்தும் எண். அறுபதுகளின் 'நான் ஸ்டாப் டான்சிங்' ஏதாவது ஒன்றை எடுத்து ஒரு பக்கம் மட்டும் கேளுங்கள், முடிந்தால் வீட்டில் நாலு பேர் இருக்கும்போது. பாட்டு மாறும் இடங்களில் டிரம்ஸையும் பாஸையும் மட்டும் கவனித்தால் கைவேலை தெரியும். அதோடு நிறுத்திவிட்டு 'வூடூ பார்ட்டி'க்குப் போகலாம். 'தி லோன்லி ஷெப்பர்ட்' எப்படியும் எங்காவது காதில் விழுந்திருக்கும். செவ்வியல் மெட்டுக்கு டிரம்ஸ் போட்ட வரிசையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விமர்சகர்கள் அங்கே சொன்னது சரி.